கிணற்றுத் தண்ணீரில் ஆசனிக்: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

உறவுகளே, வணக்கம். வன்னியில் நெடுங்கேணிப் பக்கம் எங்கள் வளவில் உள்ள குழாய்க் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். ஆசனிக் என்ற நச்சுப்பொருளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம்; எங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. நிறமில்லை, மணமில்லை. நல்ல தண்ணீர் என்று ஊரே வந்து அள்ளிய கிணறு!

கொதிக்க வைத்தால் சரியாகும் என்கிறார் அம்மம்மா. கிருமிதான் சாகும், ஆசனிக் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும் என்றால் கேட்பதாக இல்லை. கேத்திலும் கையுமாக நிற்கிறார்.

துருப்பிடித்த ஆணி, செங்கல் துண்டு, மணல் போட்ட வடிகட்டியை நேபாளத்தில் பாவிக்கிறார்கள். ஆசனிக் துருவில் ஒட்டிக்கொள்ளுமாம். வன்னியில் யாராவது செய்து பார்த்தீர்களா? ஆனால் உரத்தில் இருக்கும் பொஸ்பேற்று தண்ணீரில் கூடினால் அந்தப் பிடிப்புக் குறையும். எங்களைச் சுற்றியோ உரம் போடும் வயல்கள்.

மெல்லிய சவ்வினூடாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கலாம் என்றால், தண்ணீரில் ஆசனிக் இருக்கும் இரு வடிவங்களில் ஒன்றான மூவலு ஆசனிக் அதில் ஓரளவு தப்பிவிடும். முன்கூட்டியே குளோரின் கலந்து அதை மற்ற வடிவமான, எளிதில் வடிபடும் ஐவலு ஆசனிக்காக மாற்றலாம், ஆனால் மிஞ்சும் குளோரின் சவ்வைக் கெடுக்கும். வீட்டளவில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பாவித்து முடிந்த துருமணலை எங்கே கொட்டுவது? மூவலு, ஐவலு ஆசனிக்கைப் பிரித்துச் சொல்லும் ஆய்வுகூடம் தெரிந்தாலும் எழுதுங்கள். இப்போதைக்கு மழைநீர்த் தாங்கிதான் துணை.