கீவே வெட்டினதும் சாஃப்ட் வளையுது: மைக்ராஸ்கோப்ல ஸ்ட்ரெஸ் தெரியுமா?

கப்பலூர் லேத்:
40 எம்எம் கோல்டு டிரான் ராடு, அதாவது சூடாக்காம அச்சு வழியா இழுத்த இரும்பு. வி பிளாக்ல வச்சு வளைவு பார்க்கிற டயல் கேஜ் ஓட்டுனேன், முள்ளு அசையல. கீவே (சாவி உட்கார்ற நீளப் பள்ளம்) வெட்டிட்டுத் திரும்ப வச்சா முப்பது கோடு ஓடுது. கீவே பக்கம் பிதுங்கி நிக்குது. உள்ள அடைஞ்சு கிடக்கிற இழுவிசை, அழுத்தம், அதாவது ஸ்ட்ரெஸ்ங்கிறாங்க. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தா எவ்வளவுன்னு தெரியுமா?

கிகுச்சிக் கோடு:
தெரியும்ணே. சாம்பிளை 70 டிகிரி சாய்ச்சு வச்சு எலக்ட்ரானை ஒரு புள்ளியில அடிச்சா, திரையில பட்டை பட்டையா கோலம் விழும். 1928ல கிகுச்சி மைக்காவுல பார்த்த கோடுகள்தான். படிகம் இழுபட்டிருந்தா பட்டை துளியூண்டு நகரும். ரெண்டு புள்ளியோட கோலத்தை ஒப்பிட்டா பத்தாயிரத்துல ஒரு பங்கு இழுப்பு வரைக்கும் சிக்கும். இரும்புல அது சுமார் 20 மெகாபாஸ்கல் ஸ்ட்ரெஸ்.

எக்ஸ்ரே கட்சி:
தம்பி, ஆசை காட்டாதீங்க. அண்ணன் கேக்குறது முழு சாஃப்ட்டோட கணக்கு. நீங்க அதை நகத்தளவு துண்டாக்குவீங்க. வெட்டும்போதே பெரும்பாலான ஸ்ட்ரெஸ் அவுந்துரும். மிச்சத்துலயும் உங்களுக்குத் தெரியறது மேல சில பத்து நானோமீட்டர். சரி, ஒப்பிடுறது எதோட? அதே கிரெய்ன்ல, அதாவது இரும்புக்குள்ள இருக்கிற அதே குட்டிப் படிகத்துல, இன்னொரு புள்ளியோட. அந்தப் புள்ளியிலயே 300 மெகாபாஸ்கல் இருந்தா? மாடியில நின்னுக்கிட்டு யாரு உசரம்னு பார்க்கிற கதைதான்.

கிகுச்சிக் கோடு:
அந்தக் குறை நிசம். ஆனா நீங்க ஸ்ட்ரெஸ் அளக்கிற எக்ஸ்ரேயும் சில மைக்ரான் ஆழம்தான், அதுவும் ஏகப்பட்ட கிரெய்னோட சராசரி. வளைச்ச கம்பியை எதிர்ப்பக்கம் வளைச்சா சீக்கிரம் மசியுதே, ஏன்? கிரெய்ன் எல்லையில டிஸ்லொகேஷன்கள் (படிக அடுக்குல இருக்கிற பிசகுகள்) முட்டி நின்னு திருப்பித் தள்ளுது. சராசரியில அது அமுங்கிப் போகும். புள்ளி புள்ளியா அளந்து வரையிற என் ஸ்ட்ரெஸ் மேப்ல எல்லையோரம் செக்கச்செவேல்னு நிக்கும்.

எக்ஸ்ரே கட்சி:
சாம்பிளுக்குக் கடைசியா போடுற சிலிகா பாலிஷ் சரியா விழலைன்னா எல்லாமே செவப்பாத்தான் நிக்கும்! டிரா பண்ண இரும்புல ஒரே கிரெய்னுக்குள்ளயே படிகம் பல டிகிரி திரும்பியிருக்கும். நேரா ஒப்பிட்டா பொய்க் கணக்குதான் வரும்.

கிகுச்சிக் கோடு:
அந்தத் திருப்பத்தை முதல்ல கழிச்சுட்டு மறுபடி ஒப்பிடுறோம்ணே. கோலமே மங்கிருச்சுன்னா மட்டும் வழியில்ல.

எக்ஸ்ரே கட்சி:
லேத் அண்ணே, உங்க டயலே பாதி சொல்லிருச்சு. கீவே பக்கம் பிதுங்குதுன்னா, வெட்டி எடுத்த மேல்தோல் இழுவிசையில இருந்திருக்கு. கணக்கு வேணும்னா இழுப்பை அளக்கிற ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி நடுவுல சின்னத் துளை போட்டுப் பார்க்கலாம். வேலைதான் ஆகணும்னா, வெட்டுறதுக்கு முன்னாடி 550-600 டிகிரியில சூடாக்கி ஸ்ட்ரெஸ்ஸை அவுக்கிற ஸ்ட்ரெஸ் ரிலீவ்.

கப்பலூர் லேத்:
அடுப்புல வச்சா டிரா பண்ண பலம் போயிருமே? மேலயும் கருத்துப் போகும். எதிர்ப்பக்கமும் ஒரு கீவே ஓட்டிரட்டா?

எக்ஸ்ரே கட்சி:
ஓட்டலாம். முறுக்கு தாங்குமான்னு பார்த்துக்கங்க.

கிகுச்சிக் கோடு:
வளைஞ்ச சாஃப்ட்டைப் பழைய இரும்புக்குப் போட்ராதீங்கண்ணே. நான் திருப்பரங்குன்றம் பக்கந்தான். ஞாயித்துக்கிழமை வந்து ஒரு துண்டு வாங்கிக்கிறேன்.

எக்ஸ்ரே கட்சி:
வெட்டுறதுக்கு முன்னாடி டயல் வச்சுட்டு வெட்டுங்க தம்பி.