திரெங்கானு பயணம்: மலாய் பலகாரங்களில் சைவம் எது, லெக்கோரை எப்படிக் கொண்டுவருவது?

கேட்பவர்: சுங்கைவாசி

வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு குவாந்தான், கெமாமான் வழியாக மலேசியக் கிழக்குக் கரையிலுள்ள கோலா திரெங்கானு போகிறோம். வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேருவோம். அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது. கடையோரப் பலகாரங்களில் யாருக்கு எது சரிவரும்? லெக்கோரை (மீனும் சாகு மாவும் சேர்த்து உருட்டிய பண்டம்) கோலாலம்பூர் வரை கெடாமல் எடுத்துவர முடியுமா?

பலகாரத்தட்டு:

அம்மாவுக்குப் பயமில்லாமல் கொடுக்கக்கூடியவை: புலுட் இந்தி (சங்குப்பூ நீலம் ஏறிய புலுட் என்னும் ஒட்டரிசிமேல், கூலா மலாக்கா என்னும் பனைவெல்லத்தில் கிளறிய தேங்காய்ப்பூ), ஓண்டே-ஓண்டே (உள்ளே வெல்லம் வைத்து, தேங்காய்ப்பூவில் புரட்டிய உருண்டை), லோம்பாட் தீக்காம் (அரிசிமாவுக் களியும் புலுட்டும் தேங்காய்ப்பால், வெல்லப்பாகோடு). செக் மெக் மோலேக்கும் சைவம்தான். அவித்த சர்க்கரைவள்ளியை மாவோடு பிசைந்து, உள்ளே சீனி வைத்துப் பொரிப்பது. ஆனால் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, சூச்சோர் பாடாக். அதுவும் சர்க்கரைவள்ளி மாவுதான், உள்ளே இருப்பதோ உலர்ந்த இறால் போட்ட தேங்காய்ப் பூரணம். செக் மெக் மோலேக் நீண்டு இருமுனையும் கூம்பியிருக்கும். சூச்சோர் பாடாக் உருண்டை. இரண்டாவது, எண்ணெய். பல கடைகளில் பீசாங் கோரேங்கும் (வாழைப்பழப் பொரியல்) லெக்கோரும் ஒரே சட்டியில்தான் வேகும். கேட்டுவிட்டு வாங்குங்கள். 'ஆடா தெலோர்?' (முட்டை இருக்கா?), 'ஆடா உடாங் கெரிங்?' (உலர்ந்த இறால் இருக்கா?) என்ற இரண்டு கேள்வியே பாதிக் கவலையைத் தீர்க்கும்.

ஆக்கோக், நெக்பாட், ஜாலா எமாஸ் ஆகிய இனிப்புகள் எல்லாம் முட்டையில்தான் நிற்கின்றன. ஜாலா எமாஸ் முட்டை மஞ்சள் கருவைச் சீனிப்பாகில் நூலாக ஊற்றி எடுப்பது. ஸ்ரீ மூக்காவின் (அடியில் புலுட், மேலே பச்சை அடுக்கு) மேலடுக்கிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். காரிப்பாப்பை (கறிபஃப்) நம்பவே வேண்டாம். உருளைக்கிழங்கோடு நெத்திலி, இறைச்சி எதுவும் வரலாம்.

பிள்ளைகளிடம் சூடான ஓண்டே-ஓண்டே, செக் மெக் மோலேக் கொடுத்தால் முதலில் பிட்டு ஆறவிடுங்கள். உள்ளே உருகிய சீனி நாக்கைச் சுட்டுவிடும்.

தோணி:

அசைவக்காரர்கள் கெமாமானில் சாத்தாரை விடாதீர்கள். அரைத்த மீனில் தேங்காய்ப்பூ, வெங்காயம், இஞ்சி, மிளகாய் சேர்த்து, வாழையிலையில் கூம்பாகச் சுருட்டி, ஈர்க்கில் கோர்த்துக் கரியில் சுடுவார்கள். மிளகாய் கலந்தே இருப்பதால் சின்னவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு அவித்த லெக்கோர், சாஸ் இல்லாமல்.

நேரத்தைப் பாருங்கள். திரெங்கானுவிலும் கிளந்தானிலும் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில், சுமார் பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டரை வரை, கடைகள் அடைத்திருக்கும். காலையில் பசியாறியதும் கடைக்குப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் மாலையில். நோன்பு மாதமாக இருந்தால் பகலில் தேடிப் பயனில்லை. பிற்பகலில் பாசார் ரமடான் (நோன்புச் சந்தை) கூடும்.

கரையோரன்:

லெக்கோர் விஷயம். கோலா திரெங்கானுவில் லெக்கோருக்குப் பேர்போன கம்போங் லோசோங்கில் ஏற்றிக்கொண்டு வருவதாக இருந்தால் அவித்ததை வாங்குங்கள், பொரித்தது வழியிலேயே ரப்பராகிவிடும். மீன், சாகு மாவு, உப்பு சேர்த்து உருட்டிக் கொதிநீரில் போட்டு, மிதந்ததும் எடுத்த பண்டம் அது, ஈரம் அதிகம். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஆவி உள்ளேயே நீராகி, மறுநாள் கொழகொழத்துப் புளித்துவிடும். காகிதத்தில் பரப்பி நன்றாக ஆறவைத்து, பிறகு பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். பயணத்தின் கடைசி நாள் வாங்குவதே உத்தமம். வீடு வந்ததும் அன்றே ஃபிரீசருக்கு.

பொரிக்கும்முன் ஃபிரிட்ஜில் வைத்து உறைவு போகவிட்டு, ஈரத்தைத் துடைத்து, சாய்வாக ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டுங்கள். முழுசாகப் போட்டால் மேல்தோல் இறுகி, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கும். எண்ணெய் முகத்தில் தெறிக்கும். மிதமான தீ போதும். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் வந்துவிட்டால் பொரித்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கி எறியுங்கள்.

சுங்கைவாசி:

நன்றி. ஊரில் உள்ளவர்களுக்குக் கொடுக்க நாளாக நிற்கும் ஏதாவது?

கரையோரன்:

கெரோப்போக் கெப்பிங். லெக்கோரை மெல்லியதாக அரிந்து காயவைத்தது போன்றதுதான், மாதக்கணக்கில் இருக்கும். எண்ணெய் நன்றாகக் காயவேண்டும், இல்லாவிட்டால் பொரியாமல் கல்லாகிவிடும். நமுத்திருந்தால் ஒரு மணி நேரம் வெயிலில் காட்டிவிட்டுப் பொரியுங்கள்.