5 கிலோமீட்டரை 28 நிமிடத்துக்குள் ஓட வழி சொல்லுங்கள்

வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன், வயது 38. ஓடத் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. 5 கிலோமீட்டருக்கு 31 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 12 விநாடி. ஆறு மாதமாக அங்கேயே நிற்கிறேன்.

வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். யோசித்தால் நான்கு நாளும் ஒரே வேகம்: பேசவும் முடியாது, முழு மூச்சும் இல்லை. மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக, ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் வேகமாக, 2 நிமிடம் நடை, இப்படி 6 முறை என்று மாற்றலாமா? 400 மீட்டரை 2 நிமிடம் 10 விநாடியில் ஓடினால் போதுமா?

அப்புறம் எங்கள் ஊர்க் காற்று. கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் உச்சிப்புளிப் பக்கம் போகும்போது முகத்தில் அறைகிறது, திரும்பும்போது முதுகைத் தள்ளுகிறது. போக வர சரியாகிவிடும் என்று நினைத்தேன். இல்லை, எதிர்காற்றில் விடுவதை முழுதாகத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. அந்த நாட்களில் வாட்சைப் பார்க்காமல் மூச்சை வைத்து ஓடுவதுதான் சரியா?

காற்றுக்குப் பயந்து கடற்கரை மணலில் ஓடிப் பார்த்தேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பத்து நாள் வீட்டில் கிடந்தேன். கடலுக்குப் போகிற மச்சான், "வலை இழுக்க வாங்க மாப்ள, கால் தானா வலுவாகும்" என்று சிரிக்கிறார்.

ஞாயிறு விடியலில் தனுஷ்கோடி சாலையில் ஓடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் நானும் வருகிறேன்.