போர்பன் பாட்டில் கார்க் ஒடிஞ்சிட்டு, மாத்து மூடி வேணும்

அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டை வீட்டு அலமாரியில இருக்க 750 மில்லி போர்பன் (அமெரிக்க விஸ்கி), ஆல்கஹால் 50.5 சதவீதம், போன வருஷம் திறந்தது. நேத்து திறக்கும்போது கார்க் பாதியில ஒடிஞ்சு கழுத்துக்குள்ள மாட்டிக்கிட்டு. நிமித்திதான் வச்சிருந்தேன், படுக்க வச்சா ஆல்கஹால் கார்க்கை அரிச்சிரும். அக்னி நட்சத்திர வெக்கையில காய்ஞ்சிருக்கணும்.

ஸ்க்ரூ போட்டு இழுத்தா தூளாத்தான் வந்துச்சு. மிச்சத்தை உள்ள தள்ளி, காபி பில்டர் தாள்ல வடிச்சாச்சு. பழைய ஸ்காட்ச் கார்க் ரெண்டுல ஒண்ணு லூசு, இன்னொண்ணு இறங்கவே இல்ல. டெஃப்லான் டேப் சுத்தியும் மணம் வெளியே வருது. 400 மில்லிதான் மிச்சம். பாட்டில்ல காத்து கூடுனா ருசி சீக்கிரம் செத்துரும், அதான் அவசரம்.

கழுத்து உள்விட்டம் 19 மில்லிமீட்டர். இதுக்குப் பொருந்துற கார்க் மூடி திருநெல்வேலியில எந்த மாதிரி கடையில கிடைக்கும்?