மறு: மறு: கம்பூசியா ஆணின் உருமாறிய துடுப்புக்குச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

கம்பூசியா செக்ஸ்ரேடியாட்டா என்ற கொசுமீன் பற்றிய பதிவுக்கு 'கோனோபோடியம்' (ஆணின் உருமாறிய குதத்துடுப்பு) என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் தேவை. தென் மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் தாழ்நிலங்களில், ஓட்டம் குறைந்த நன்னீரில், செடி அடர்ந்த கரையோரம் வாழ்வது. ஆணின் குதத்துடுப்பைத் தாங்கும் கம்பி போன்ற கதிர்களில் 3, 4, 5-ஆம் கதிர்கள் நீண்டு ஒரு கோலாகின்றன. விந்து அதன்வழியே பெண்ணுக்குள் போகிறது. 'ஆண்குறித் துடுப்பு' எனலாமா?

---

> 'ஆண்குறித் துடுப்பு' எனலாமா?

வேண்டாம் அம்மா. உள்ளே குழாய் இருப்பதாக வாசகர் எண்ணிவிடுவார். இதில் குழாயே கிடையாது. துடுப்பு முன்னோக்கித் திரும்பும்போது கதிர்களுக்கிடையே ஒரு பள்ளம் உண்டாகும். விந்தணுப் பொதிகள் அந்தப் பள்ளத்தில்தான் நகர்கின்றன.

'இணைதுடுப்பு' என்று தனிமடலில் ஒரு யோசனை வந்தது. அதுவும் ஆகாது. மார்பு, இடுப்புத் துடுப்புகளை ஏற்கெனவே 'இணைத்துடுப்புகள்' என்கிறோம். ஓர் ஒற்று விழுந்தால் பொருளே மாறிவிடும்.

புணர்துடுப்பு என்பது என் பரிந்துரை. வினைத்தொகை, சுருக்கம், வேலையைச் சொல்கிறது.

---

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஒரு ஐயம்: சுறாவின் பற்றுறுப்பும் இதே வேலையைத்தானே செய்கிறது? அதற்கும் இதுவே வந்துவிடாதா?

---

வராது. சுறாவில் இடுப்புத்துடுப்பு துடுப்பாகவே இருக்கிறது, அதன் உள்விளிம்பில் ஒரு நீட்சி மட்டும் வளர்கிறது. இங்கே குதத்துடுப்பே உருமாறிவிடுகிறது. அதனால் 'துடுப்பு' என்ற ஈறு இதற்குத்தான் பொருந்தும்.

புணர்துடுப்பை நான் ஆதரிக்க இன்னொரு காரணம், நுனியின் பாகங்களுக்கும் பெயர் வைத்தாக வேண்டும் என்பது. கண்ணுக்குக் கீழே உள்ள கருங்கோட்டை மட்டும் நம்பி இந்த மீனை இனங்காண முடியாது, வேறு சில கம்பூசியாக்களுக்கும் அது உண்டு. நுனிதான் சான்று. 3-ஆம் கதிரில் முட்கள். 4-ஆம் கதிரின் முன்கிளையில் ஒரு வளைவு, அதை 'முழங்கை' என்போம். பின்கிளையில் 'அரப்பற்கள்'. 4-ஆம் கதிரின் பின்கிளை, 5-ஆம் கதிரின் முன்கிளை இரண்டின் முனையிலும் 'கொக்கி'.

பதிவில் செய்முறையும் சேருங்கள். மாதிரியை 10 விழுக்காடு ஃபார்மலினில் இறுகவைத்து, நீரில் நன்கு அலசி, 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும் துடுப்பை ஊசியால் மெல்லத் தூக்கி, கீழிருந்து ஒளி வரும்படி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கொக்கி முறியும்.

பிழை நேர்வது பெரும்பாலும் எண்ணிக்கையில்தான். முதல் கதிர் மிகச் சிறியது, அதைத் தவறவிட்டால் 4-ஆம் கதிரை 3 என்று குறித்துவிடுவோம். இளம் ஆண்களையும் ஒதுக்குங்கள். கதிர்கள் நீண்டு முடியும் தறுவாயில்தான் கொக்கிகள் உருவாகும், அதற்குமுன் பார்த்தால் 'கொக்கியற்ற இனம்' என்று தோன்றும்.

---

> அரப்பற்கள்

'ரம்பப்பற்கள்' வேண்டாமா என்று கேட்க வந்தேன். அரத்தின் பற்கள் நுண்மையானவை, இங்கே அதுவே சரி. புணர்துடுப்பு, முழங்கை, அரப்பற்கள், கொக்கி நான்கையும் பட்டியலில் ஏற்றுகிறேன். 'புணர்துடுப்பு முட்கள்' என்பதை 3-ஆம் கதிருக்கு மட்டும் வரையறுத்து எழுதுகிறேன்.