வலி மாத்திரையும் மறதியும்: உங்கள் வீட்டில் நடந்ததுண்டா?

மருமகன்:
மாமனாருக்கு வயது 78. கவுட் என்ற மூட்டுவலிக்கு இண்டோமெதசின் எழுதிக் கொடுத்தார்கள். வலி சட்டென்று அடங்கியது, ஆனால் ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார். செய்தித்தாளில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார். "சாவி எங்கே?" என்று கேட்பார், சாவி அவர் கையிலேயே இருக்கும். வீட்டில் எல்லோரும் டிமென்ஷியா என்றே முடிவு கட்டிவிட்டார்கள். வேறு மருத்துவரிடம் காட்டினோம். அவர் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் அந்த மாத்திரையை மாற்றினார். அந்த வாரமே மாமா தெளிந்துவிட்டார். வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் என்.எஸ்.ஏ.ஐ.டி. (NSAID) வகை மாத்திரைகளிலேயே மூளையை அதிகம் குழப்புவது இதுதானாம். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்லும் பீர்ஸ் பட்டியலிலும் இது இருக்கிறது.

முதுகுவலி:
எனக்கு நேர் எதிர். வலியில் ராத்தூக்கம் போய், பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு மறந்துவிடும். இதே வகையைச் சேர்ந்த நாப்ராக்சன் போட்டுத் தூங்க ஆரம்பித்த பிறகுதான் தலை வேலை செய்தது. அதனால் எடுத்ததற்கெல்லாம் மாத்திரையைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது.

மருந்தாளுநர்:
இரண்டுமே நடக்கக்கூடியதுதான். இப்யூபுரூஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் காக்ஸ் என்ற நொதியைத் தடுத்து வீக்கத்தைக் குறைக்கின்றன. அந்த நொதியின் ஒரு வகையான காக்ஸ்-2 மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியிலும் இயல்பாகவே இருக்கிறது, நினைவு பதிவதில் அதற்கும் பங்குண்டு. இன்னொரு பக்கம், இதே மாத்திரைகள் அல்சைமரைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய அடாப்ட் ஆய்வில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு நாப்ராக்சனும் செலிகாக்சிபும் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஆபத்தோ என்ற கவலையில் 2004 டிசம்பரில் மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. சொல்லப்போனால், நாப்ராக்சன் எடுத்தவர்களின் ஒட்டுமொத்த அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்கள் கொஞ்சம் குறைவாகவே இருந்தன. அப்புறம், பாராசிட்டமால் இந்த வகையில் சேராது. கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

அக்கா:
மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். என் தம்பி பல்வலிக்கு இப்யூபுரூஃபென் தொடர்ந்து போட்டான். கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம், யார் என்ன சொன்னாலும் மனதில் நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் லித்தியம் அளவு எகிறியிருந்தது. இந்த மாத்திரைகளால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைந்துவிடும் என்று அப்போதுதான் விளக்கினார்கள். இப்போது பல் மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதலில் லித்தியத்தைத்தான் சொல்கிறான்.