மறு: பல்பை ‘ஓவர்டிரைவ்’ செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மின்னழுத்தச் சீரமைப்பான் (பேட்டரி தேய்ந்தாலும் பல்புக்குப் போகும் அழுத்தத்தை மாறாமல் வைக்கும் சுற்று) உள்ள டார்ச் விளக்கில் பழைய பல்பைக் கழற்றிவிட்டு, அந்த விளக்கு தரும் அழுத்தத்தைவிடக் குறைந்த வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட பல்பைப் பொருத்திக் கூடுதல் வெளிச்சம் பெறும் ‘ஓவர்டிரைவ்’ வேலைக்கு ‘மேம்படுத்தல்’ என்ற சொல்லே போதும் என்று இங்கே ஒரு கருத்து வந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே பல்பு மேம்படுவதில்லை. டங்ஸ்டன் இழை தனக்குக் குறித்த சூட்டைத் தாண்டி எரிகிறது, அவ்வளவுதான். 6 வோல்ட் பல்பை 6.6 வோல்ட்டில் எரித்தால் வெளிச்சம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுகிறது. ஆயுளோ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே வோல்ட்டில் கூடுதல் வாட் பல்பு போடுவதை மேம்படுத்தல் என்று சொல்லிக்கொள்ளலாம், ஏனென்றால் அங்கே செலவாவது பேட்டரி மட்டும்தான்.

‘மிகையூட்டம்’ என்ற பரிந்துரை முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மின்னூட்டம் என்பது வேறு பொருளில் வேரூன்றிவிட்ட சொல்லாகையால், மிகையூட்டம் என்று படிப்பவர் பேட்டரியை அளவுக்கு மேல் சார்ஜ் செய்ததாகவே எண்ணுவார். ‘மிகையொளிர்வு’ விளைவைச் சொல்கிறது, செய்கையைச் சொல்லவில்லை.

நான் முன்வைப்பது ‘தூண்டெரிப்பு’. அகல் விளக்கின் திரியைச் சற்று மேலே தள்ளிவிடுவதைத் தூண்டுதல் என்கிறோம். சுடர் எழும்புகிறது, எண்ணெய் விரைவில் வற்றுகிறது, திரியும் கருகுகிறது. ஆதாயமும் இழப்பும் அந்த ஒரே வினையில் அடங்கியிருக்கின்றன. தூண்டல் என்று மட்டும் நிறுத்தினால் மின்காந்தத் தூண்டலோடு குழம்பும் என்பதால்தான் எரிப்பைச் சேர்த்தேன். பேச்சில் ‘இந்தப் பல்பைத் தூண்டி எரிக்கிறேன்’ என்று வினையாகவும் இயல்பாக வருகிறது.

இப்படித் தூண்டி எரித்த, ஹாலஜன் அல்லாத ஒரு பல்பை அது போன பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் உட்புறத்தில் புகை படிந்தாற்போல் சாம்பல் நிறப் படலம். இழை அறுந்த இடத்தில் கம்பி ஊசிபோல் மெலிந்து, நுனியில் உருகித் திரண்ட ஒரு சிறு மணி. இழையிலிருந்து ஆவியாகிப் போன டங்ஸ்டன்தான் அந்தப் படலம். எண்ணெய் வற்றுவதற்கு இதைவிட நெருங்கிய ஒப்புமை எனக்குத் தெரியவில்லை.

சீரமைப்பான் உள்ள விளக்குக்கு இச்சொல் இன்னும் பொருந்தும். சீரமைப்பான் இல்லாத விளக்கில் புது பேட்டரி போட்ட சிறிது நேரத்துக்கு இழை மிகைச் சூட்டில் இருக்கும். பிறகு அழுத்தம் தானாகவே இறங்கிவிடும். சீரமைப்பானோ பேட்டரி தீரும் தறுவாய் வரை அதே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், இழை எரியும் நேரமெல்லாம் விளிம்பிலேயே நிற்கிறது. அதாவது, தூண்டிய திரி தூண்டியபடியே இருக்கிறது.

இதனுடன் சேர்ந்து வேண்டியிருக்கும் இன்னொரு சொல், ‘சாஃப்ட் ஸ்டார்ட்’ என்பதற்கானது. குளிர்ந்த இழையின் மின்தடை, அது வெண்சூட்டில் இருக்கும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்பதால், சுவிட்சை அழுத்திய கணத்தில் மின்னோட்டம் பாய்ந்து, தூண்டெரிப்பில் உள்ள பல்பு பளிச்சென்று மின்னி அப்போதே போய்விடுவதுண்டு. அந்தப் பாய்ச்சலைத் தடுக்க அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும் முறைக்கு ‘மென்தொடக்கம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருப்பது எனக்கு நிறைவாக இல்லை. ‘படியேற்றம்’ என்பதைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மின்மாற்றி பற்றி எழுதுவோர் அதை வேறு பொருளில் ஆள்கிறார்கள் என்றால் தெரிவியுங்கள், கைவிட்டுவிடுகிறேன்; தூண்டெரிப்பை மட்டும் எளிதில் விடமாட்டேன்.